மூன்று நிமிடம் பத்து விநாடி

படம் போகும்வரை அவர் டீயைத் தொடுவதில்லை. வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு தட்டால் மூடி, ரெக்கார்டருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். திரையில் நான்கு கட்டங்கள். அதில் ஒன்று கறுத்துப்போகிறது என்பதுதான் புகார். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் இருபது நிமிடத்தில் போய்விடும். இன்னொரு வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் படம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்கும். அப்போதும் எழமாட்டார்.

"போகட்டும். போனாத்தானே பிடிக்க முடியும்" என்பார்.

வீட்டுக் கேமராக்களைப் பழுது பார்ப்பது அவருடைய தொழில். பதினான்கு வருடம் ஆகிறது. கடைத்தெருவில் கேமரா விற்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கொக்கு. நெட்டை உடம்பு, ஒல்லிக் கழுத்து, நகராத பார்வை. பெயர் பொருந்தத்தான் செய்கிறது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "கொக்குக்காவது கடைசியில மீன் கிடைக்கும். எனக்கு ஒயர்தான்."

மற்றவர்கள் ஒரு நாளைக்கு ஆறு வீடு பார்க்கிறார்கள். இவர் இரண்டு பார்த்தால் அதிகம். அவர்களுடைய வைத்தியத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "கேமராவை மாத்து, ஒயரை மாத்து, அப்புறம் ஆளை மாத்து." இவர் எதையும் மாற்றுவதற்கு முன் படம் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது, மோட்டார் ஓடியதா, கதவு அடித்துக்கொண்டதா, காற்றில் ஒயர் ஆடியதா என்று கேட்பார். "படம் சும்மா போகாது. ஏதோ ஒண்ணு நடந்தாத்தான் போகும்."

எங்கள் பத்திரிகை அலுவலக வாசல் கேமராவைப் பார்க்க வந்தபோது அவரிடம் இரண்டு நாள் கூடவே சுற்றலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சுற்றலாம், நடுவில் பேசக்கூடாது, பேசினால் படம் போய்விடும் என்றார். போவதற்குத்தானே காத்திருக்கிறோம் என்று கேட்டேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பழைய டிபன் டப்பா ஒன்றில் ஒயர் முனைகள். வாட்சை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார். ஏணியில் நிற்கும்போது கையைத் திருப்பாமல் நேரம் தெரியும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவார். அப்போது அவர் சொல்வது கேமராவுக்கு மட்டும்தான் புரியும். கேமராவை 'இவன்' என்பார். "இவனுக்குக் காய்ச்சல் இல்லை, பசி. கரண்ட் பத்தலை" என்று ஒரு வீட்டில் கண்டுபிடித்துச் சொன்னபோது, அந்த வீட்டு அம்மாள் பேரனைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்த்தார்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும்தான் கேமரா. வீட்டுக்குள் போடமாட்டார். முதல் நாள் ஒரு தகப்பனார், வேலை முடிந்ததும் அவரைத் தனியே அழைத்து, படிக்கும் மகளுடைய அறைக் கதவைப் பார்க்கிற மாதிரி கூடத்தில் ஒன்று வைக்க முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இவர் ஏணியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "வாசலுக்குக் காவல் போடலாம் சார். பிள்ளைக்குப் போட்டா, பிள்ளை வாசலைத் தாண்டிடும்."

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது. கேட்காமலே சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் சொல்கிறார், இருபத்தைந்து வயது. சின்ன வயதில் லீவு நாட்களில் அப்பாவோடு வேலைக்குப் போய் ஏணிக்குக் கீழே டார்ச் பிடித்தவள். கருகிய ஒயரை முகர்ந்தே எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், மூன்று மாலைகளாக அவள் ஒரு நீல பைக்கில் வந்து இறங்குவதைத் தன் வீட்டு வாசல் கேமராவில் பார்த்ததாக அவளிடம் சொன்னார். யார் அது என்றுகூட அவர் கேட்கவில்லை. தேதி, மணி, நிமிடம் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்வி: "கேமரா வீட்டுக்குப் போட்டீங்களா அப்பா, எனக்குப் போட்டீங்களா?"

ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டார்.

வேறொரு நகரத்தில் அவளுக்கு ஒரு பரிசோதனைக்கூட வேலை காத்திருந்தது. போவதா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தவள் மறுநாள் காலையே பையைத் தூக்கிக்கொண்டாள். மனைவி வேலைக்குப் போய்விட்டிருந்தார். இவர் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சாவியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது, முன்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது, கேட் சத்தமும் கேட்டது. எழவில்லை.

"ஒரு தடவை கூப்பிட்டிருந்தாக்கூட ஓடிப்போய் நின்னிருப்பேன். ஒரு வார்த்தை இல்லை."

போனில் அந்தப் பதிவு இருக்கிறது. காட்டினார். கேட் தூணின் உச்சியிலிருந்து தெருவைப் பார்க்கும் கேமரா. ஒன்பது மணி பதினாறு நிமிடம். மகள் வெளியே வந்து கேட்டைச் சாத்துகிறாள், பையைக் கீழே வைக்கிறாள், கேமராவை நிமிர்ந்து பார்க்கிறாள், தூணை நோக்கிக் கையைத் தூக்குகிறாள். படம் போகிறது. மூன்று நிமிடம் பத்து விநாடி இருட்டு. திரும்பி வரும்போது சாத்திய கேட்டும் வெறும் தெருவும்.

ஒயரைத் தட்டிவிட்டிருக்கிறாள் என்றார். தான் போவதை அப்பா பார்க்கக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அம்மாவுக்கு போன் செய்வாள். அந்த நேரத்தில் இவர் பாத்திரம் கழுவுவார். குழாயை மூடி மூடித் திறந்து, நான்கு தட்டுக்கு முக்கால் மணி நேரம். அப்படித்தான் அவளுக்குப் போன மாதம் இருமல் இருந்ததும், இப்போது வாடகை அறையை மாற்றியிருப்பதும் அவருக்குத் தெரியும். போனை அவரிடம் கொடு என்று அவள் இதுவரை சொன்னதில்லை. கொடு என்று இவரும் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் போனது ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டுக்கு. மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். வாசல் கேமரா ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கறுத்துப்போகிறது, ஒரு நிமிடத்தில் தானாக வருகிறது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து கேமராவை ஒருவர், ஒயரை ஒருவர், ரெக்கார்டரை ஒருவர் மாற்றியிருந்தார்கள். படம் போகிற நேரங்களை டீச்சர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார், சிவப்பு மையில்.

"திருடன்கூட நேரம் பார்த்துத்தான் தம்பி வருவான். இதுக்கு நேரமும் கிடையாது, நாளும் கிடையாது."

டீ வந்தது. தட்டு மூடியது. மூன்று மணியிலிருந்து நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலரைக்கு முதல் பிள்ளை வந்து வாசலில் பெல் அடித்தது. டீச்சர் கதவைத் திறக்க எழுந்து போனார். அந்தக் கணம் வாசல் கட்டம் கறுத்தது.

இத்தனை மாதம் அந்த வீட்டில் யாரும் அதைப் பார்க்காததில் ஆச்சரியமில்லை. பெல் அடித்தால் எல்லாரும் கதவைப் பார்ப்பார்கள். திரையை யார் பார்ப்பார்கள்?

இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். படம் வந்ததும் மீண்டும் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் போனது. ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் நிலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்தார். ஒரே அடாப்டரிலிருந்து கேமராவுக்கும் பெல்லுக்கும் கரண்ட். கேட்வரை இழுத்த ஒயரில் இரண்டு இழை மிச்சமானால் பெல்லையும் அதில் கோத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற சோம்பேறித்தனம். பெல்லை அழுத்தினால் இருக்கிற கரண்ட்டை அது இழுத்துக்கொள்ளும். கேமரா அணைந்து, முதலிலிருந்து எழுந்து வரும்.

டீச்சருக்கு விளங்கியது. "அப்போ வீட்டுக்கு யாராவது வந்தா இது கண்ணை மூடிக்குது. எங்க மருமகள் வாங்கின கேமராதானே, சரிதான்."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்காமல் அந்த அடாப்டரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெல்லுக்குத் தனி அடாப்டர் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிட வேலை. படம் போன பிறகும் அவர் குடிக்காத டீயை அன்றுதான் பார்த்தேன்.

வண்டியில் போகும்போது என்னை இறக்கிவிட மறந்துவிட்டார். நேராகத் தன் வீட்டு வாசலில் போய் நிறுத்தினார்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கு. அதற்குள் துண்டில் சுற்றிய கேமரா. கேட் தூணில் டேப் ஒட்டித் தொங்கிய ஒயரில் அதை மாட்டினார். கண் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் மனைவி அப்போதுதான் வந்திருந்தார். என்ன ஏது என்று புரியாமல், கணவர் சொன்னபடி உள்ளே போய் கேமரா படம் தெரியும் டிவிக்கு முன்னால் நின்றார். இவர் தூணில் கேமராவுக்குக் கீழே இருந்த பெல் பொத்தானை அழுத்தினார். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"போயிடுச்சு" என்று மனைவியின் குரல் மட்டும் வந்தது.

மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பத்தைந்து விநாடி கழித்து, வந்துவிட்டது என்றார் மனைவி.

பெல்லைச் சுவரிலிருந்து கழற்றிப் பிரித்தார். உள்ளே இருந்த 'காயில்', செம்புக்கம்பிச் சுருள், கரிக்கட்டையாக இருந்தது. கருகிய காயிலுக்குக் குரல் இருக்காது. ஆனால் அழுத்தினால் கரண்ட்டை மட்டும் இழுக்கும். இது எப்போது கெட்டது என்று மனைவியைக் கேட்டார். பாப்பா போய்ப் பத்து நாள் கழித்து, பார்சல் கொண்டுவந்தவர் அரை மணி நேரம் அழுத்திவிட்டுக் கத்தியபோதுதான் தெரிந்தது என்றார் மனைவி. வீட்டு ஆட்களிடம் சாவி இருக்கும், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள், பெல்லை யார் தொட்டார்கள்? சரிபண்ணச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்றும் சேர்த்துக்கொண்டார். "டாக்டர் வீட்டுலதான் காய்ச்சல் இறங்காதாமே."

அவர் டிபன் டப்பா மூடியைத் திருப்பி, அதன்மேல் பென்சிலால் கணக்குப் போட்டார். ஒரு தடவை அழுத்தினால் நாற்பத்தைந்து விநாடி இருட்டு. அது முடியுமுன் மறுபடி அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. நான்கு தடவை என்றால் அதிகபட்சம் மூன்று நிமிடம். இருட்டு இருந்தது மூன்று நிமிடம் பத்து விநாடி.

"அஞ்சு தடவை" என்றார். "குறைஞ்சது அஞ்சு தடவை அடிச்சிருக்கா."

மனைவி போனை வாங்கி அந்தப் பதிவைப் பார்த்தார். மகள் கையைத் தூக்குகிற இடத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு என்னடி நடந்ததுன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். 'அப்பாவுக்கே தெரியும், அவரையே கேளு'ன்னு சொல்லிட்டு வெச்சிடுவா. நீங்களும் ஒண்ணும் தெரியாதுன்னுட்டீங்க. யார் பொய் சொல்றீங்கன்னு நான் ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவர் பையிலிருந்து ஒரு புது பெல்லை எடுத்து மாட்டினார், தனி அடாப்டரோடு. ஒயர் முனையை இரண்டு தடவை சீவினார். முதல் தடவை இழையே அறுந்துவிட்டது. மாட்டி முடித்து அழுத்தியபோது பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து ஒருவர் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சத்தம். திரையில் படம் போகவில்லை.

கருகிய காயிலை உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் போட்டோ எடுத்தார். மகளுடைய எண்ணை மனைவியிடம் கேட்கவில்லை. அது அவர் போனில் முதலாவதாகவே இருந்தது. போட்டோவுக்குக் கீழே நிறைய எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார், எழுதுகிற தொழில்காரன் தப்பிருந்தால் சொல்வான் என்று. திருத்த ஒன்றுமில்லை.

'பெல் செத்துக் கிடந்திருக்கு பாப்பா. எனக்குக் கேக்கல.'

அனுப்பினார். போனைப் படியில் திரை மேலே தெரியும்படி வைத்தார். உள்ளே போன மனைவி சற்று நேரத்தில் மூன்று டீயோடு வந்தார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவர் தன்னுடையதைத் தட்டால் மூடி, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.