நிலாவுக்கு ஒரு பெட்டிப் பலகாரம்

காலை ஒன்பதரைக்கு இன்சீன் ஸ்டேஷனில் யாங்கோனைச் சுற்றிவரும் வட்ட ரயிலுக்கு நின்றேன். அன்று சீனர்களின் நிலாப் பண்டிகை. தாமரை விதை விழுதும் உப்பு முட்டைக் கருவும் உள்ளே வைத்துச் சுட்ட பலகாரத்தை நிலா ஏறும்போது படைப்பார்கள். பக்கத்து வீட்டு டோ சான் கால் சுளுக்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டோ என்பது இங்கே பெரிய பெண்களுக்கான மரியாதை.

"வழக்கமா நான் வாங்குறதையே வாங்கிட்டு வா தம்பி. நிலா ஏறுமுன்னே வந்துடு," என்று கிளம்பும்போது சொன்னார், எங்கள் வீட்டோடு பழகிக் கற்ற தமிழில்.

"கவலைய விடுங்க," என்றேன். யாங்கோனில் பிறந்தவனுக்கு இது ஒரு வேலையா?

ரயில் கட்டணம் ஒரு டீக்குக்கூடக் காணாது. காமாயுட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முக்கால் மணியில் லான்மடோவில் இறங்கி, கால் மணி நேரம் நடந்தால் சீனர் தெருக்கள். இடுப்பில் கட்டிய லோஞ்சி முழங்கால்வரை நனைந்துவிட்டது.

மஹாபந்தூலா சாலையில் சிவப்புப் பெட்டிகள் நடைபாதைவரை அடுக்கியிருந்தன. முதல் மூன்று கடையிலும் சாக்லேட், டுரியான் பழம் வைத்த புதுசுதான். நாலாவது கடையில் பின்கட்டிலேயே அடுப்பு. பழைய முறைப் பலகாரம் சுடச்சுட வந்தது. கடைப்பெண் என் தொழுகைத் தொப்பியைப் பார்த்தாள்.

"அண்ணே, இது பன்றிக் கொழுப்பு. எண்ணெயில் சுட்டது அந்தப் பக்கம்."

"எனக்கில்லைம்மா. பக்கத்து வீட்டுச் சீனருக்கு. அசலையே கட்டுங்க."

ஆண்டுதோறும் டோ சான் எங்களுக்குக் கொடுக்கும் துண்டு எண்ணெயில் சுட்டது. எங்களுக்கென்று அதைத் தனியாக வாங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். இந்த வருடம் எங்கள் பங்கு போகட்டும், முடியாத மனுஷி மனம் குளிரட்டும் என்று பெட்டியைக் கயிற்றால் தூக்கிக்கொண்டேன். என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது.

திரும்பும்போது பஸ். "பண்டிகைப் பலகாரமா? ஆடாம பிடிச்சுக்குங்க," என்றார் டிரைவர். ஆடியது என்னவோ அவர் பஸ்தான்.

மூன்று மணிக்கு டோ சான் பெட்டியைத் திறந்து முகர்ந்தார். சிரித்தார். பிறகு மூடிவிட்டார்.

"கொழுப்புல சுட்டதா? என் வீட்டுக்காரருக்கு இதுன்னா உசிரு. ஆனா நீங்க குடிவந்த வருஷத்துலேருந்து இங்க எண்ணெய்ப் பலகாரம்தான். படைச்சதை எல்லா வீட்டுக்கும் கொடுக்கணும் தம்பி. உங்க வீட்டுக்குக் கொடுக்க முடியாததை எப்படிப் படைப்பேன்? அவரும் சாகுறவரைக்கும் எண்ணெயில சுட்டதைத்தான் தின்னாரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல."

எத்தனை பண்டிகை அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, தனக்குப் பிடிக்காததை ருசித்துத் தின்றிருக்கிறார்! கண் கலங்கிவிட்டது.

"இது அவருக்கு இருக்கட்டும்," என்றேன்.

டோ சான் பெட்டியைத் திறந்து கணவர் படத்தின் முன் வைத்தார். நான் எண்ணெய்ப் பலகாரம் வாங்க மறுபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.