எதிரணிக்காக நான் பிடித்த கேட்ச்

என் அக்காவை அவுட்டாக்கியது நான்தான். அதுவும் அவளுடைய டீமிலேயே ஆடிக்கொண்டு. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அது எப்படிங்க முடியும்?" என்பார்கள். முடியும். கிரிக்கெட்டில் மாற்று ஆள் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதி எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்து சேரும்போது எதுவும் நடக்கும்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய மைதானம். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுப்பதற்கான கடைசி மேட்ச். உறையூரிலிருந்து நானும் அக்காவும் கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருந்தோம். அந்த வருஷத்தோடு அக்காவுக்கு வயது வரம்பு முடிகிறது. மாவட்ட அணியில் பெயர் வந்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் சென்னையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்த மாதிரிதான் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். தேர்வாளர்களில் ஒருவர், "ஒரு ஐம்பது அடிச்சுக் காட்டும்மா, பார்க்கலாம்" என்று போன மேட்சிலேயே அவளிடம் சொல்லியிருந்தார். அன்று காலை அவள் ஒரு இட்லியைக்கூட முழுசாகச் சாப்பிடவில்லை.

எதிரணி லால்குடிப் பெண்கள். ஒரே வேனில் சரியாகப் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். நாங்கள்தான் முதலில் பேட்டிங். அக்கா நாற்பதைத் தாண்டிய சமயத்தில், அவர்களில் ஒருத்தி பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிக் கணுக்காலை மடக்கிக்கொண்டு விழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வீங்கிவிட்டது. அவர்கள் கேப்டன் அம்பயரிடம் வந்தாள்.

"சார், எங்ககிட்ட வேற ஆளே இல்ல சார்."

அம்பயர் விதி என்றால் உயிரை விடுகிறவர். விளக்கம் சொல்ல யாராவது வாய்ப்புக் கொடுக்கமாட்டார்களா என்று காத்திருப்பார். "அடிபட்டா மாற்று ஆள் இறங்கலாம்மா. ஆனா ஃபீல்டிங் மட்டும்தான். பந்து போடக் கூடாது, பேட் பண்ணக் கூடாது, கேப்டன் வேலை பாக்கக் கூடாது. கீப்பிங் பண்ணணும்னா எங்ககிட்ட கேக்கணும். கேட்ச் பிடிச்சா செல்லும்" என்று விரல் விட்டுச் சொன்னார். டி.வி.யில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருகிறவர் பேட்டிங்கே செய்கிறாரே என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். அது தலை, இது கணுக்கால் என்று அவளை உட்காரவைத்தார்.

இப்படி ஆள் இல்லாமல் போனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டிங் செய்கிற டீமே, உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தியை எதிரணிக்கு ஃபீல்டிங் செய்ய அனுப்பிவிடும். பத்துப் பேரை வைத்து ஜெயித்தார்கள் என்ற பேச்சு யாருக்கும் வேண்டாம். எங்களில் அதுவரை இரண்டு பேர்தான் அவுட். ஒருத்தி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், இன்னொருத்தி பிஸ்கட் வாங்கப் போயிருந்தாள். பதினொன்றாவதாக இறங்க வேண்டிய நான் சும்மா கால் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ போ. போனா ஒழுங்கா ஃபீல்டிங் பண்ணணும், வேடிக்கை பாத்துட்டு நிக்கக் கூடாது" என்றார் எங்கள் கோச்.

லால்குடி கேப்டன் என்னை டீப் மிட்விக்கெட்டில் நிறுத்தினாள். பவுண்டரிக் கோட்டுக்குப் பக்கத்தில், பந்து எப்போதாவது வரும் இடம். அங்கிருந்து அக்காவின் முகம் தெரியவில்லை, ஹெல்மெட் மட்டும்தான். ஸ்கோர் போர்டில் நாற்பத்தேழு. நான் மனசுக்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரணியில் நின்றுகொண்டு அக்கா அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஸ்பின்னர் மெதுவாக ஒரு பந்தைப் போட்டாள். அக்கா இறங்கி வந்து தூக்கி அடித்தாள். பந்து மேலே போனது. சிக்ஸ் என்றுதான் நினைத்தேன், நானே கத்தப்போனேன். ஆனால் அது என் வலது பக்கமாக இறங்கியது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் ஓடியது, உடம்பு சாய்ந்தது, கண்ணைத் திறந்தால் நான் தரையில் கிடக்கிறேன், பந்து கைக்குள் இருக்கிறது. இது என் கைதானா என்று இருந்தது. லால்குடிப் பெண்கள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பெயர்கூடத் தெரியாதவர்கள். எங்கள் டீம் மொத்தமும் எழுந்து நின்று வாயைத் திறந்தபடி பார்த்தது. அம்பயர் விரலைத் தூக்கினார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஸ்கோர்புக்கில் மாற்று ஆளின் பெயரை எழுதமாட்டார்கள். கேட்ச் பிடித்த இடத்தில் 'சப்' என்று மட்டும் இருந்தது. கோச் என் முதுகில் தட்டி, "விட்டிருந்தா உன்னை டீமை விட்டே தூக்கியிருப்பேன்" என்றார். அம்மாவுக்கு இந்த நியாயமெல்லாம் புரியவில்லை. "கூடப் பொறந்தவளையே கவுத்துட்டு வந்து நிக்கிறியே" என்று இரண்டு நாள் புலம்பினாள். அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அக்கா பெயர் இல்லை.

நான் அவளிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகூட. ஒவ்வொரு தடவையும் "விடுடி" என்பாள், அவ்வளவுதான். ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மறுபடி ஆரம்பித்தேன்.

"அக்கா, அது என் பக்கம் வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்" என்றாள். ஈரத் துணியை உதறிக்கொண்டேதான் சொன்னாள். "நீ நின்ன பக்கம்னு பாத்துத்தான் தூக்கினேன். தப்பித் தவறி பவுண்டரி தாண்டலைன்னாலும், எனக்காக நீ பிடிக்காம விட்டுடுவேன்னு நினைச்சேன்."

என் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. இத்தனை நாள் நான் செய்த பாவத்துக்காக அழுதுகொண்டிருந்தேன். இவளோ அந்தப் பந்தை அடிக்கும்போதே என்னைக் கணக்கில் சேர்த்திருக்கிறாள். விளையாட்டை நான் நேசிப்பதைவிட அதிகமாக நேசிக்கிறவள், அவுட் என்று தெரிந்தால் அம்பயரைப் பார்க்காமலே வெளியேறுகிறவள். எனக்குக் கோபம் வந்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. பந்து மேலே இருந்தபோது அவள் என்னைப் பார்த்து ஒரு சின்ன ஜாடை காட்டியிருந்தால், நான் விட்டிருப்பேன்.