மிஷ்டி என்று ஒருத்தி

"ஒழுங்கா ஒரு பேர் வைக்கத் தெரியலியாம்மா உங்களுக்கு?"

ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, பள்ளி விட்டு வந்து ஷூவைக் கழற்றும்போதே மங்கையர்க்கரசி கேட்பது இதைத்தான். வங்காளத்தின் சால்ட் லேக்கில் வருகைப் பதிவு எடுக்கும் டீச்சர்கள் எல்லோரும் அவள் பெயரில் தடுக்கி விழுந்தார்கள். ஒருவர் "மொங்கொய்..." என்று இழுத்து, இருமி, அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார். அரசி என்று சுருக்கிச் சொல்லேன் என்றாள் அம்மா ஜெயலக்ஷ்மி. சொல்லிப் பார்த்தாள், வகுப்பே "ஒரொஷி" என்றது.

அதனால், டியூஷனில் ஒரு வயது மூத்த அர்க்கோ அவளுக்கு மிஷ்டி என்று பெயர் வைத்தபோது மிதந்தாள். வங்காளத்தில் மிஷ்டி என்றால் இனிப்பு. இங்கே எல்லோருக்கும் வீட்டில் ஒரு செல்லப்பெயர் உண்டு. இனி அவளுக்கும் உண்டு.

பிறகு மிஷ்டிக்குச் சட்டங்கள் வந்தன. மிஷ்டி தலையில் பூ வைக்கமாட்டாள். தோழி ஸ்நேகாவோடு சுற்றமாட்டாள். அவனுக்கு எதிரில் போனில் அம்மாவோடு தமிழ் பேசமாட்டாள். தன்னைப் பற்றி என்ன சொல்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். அவன் போனை எடுக்கத் தாமதமானால் குரல் குழையும்: "மிஷ்டி, எங்கே, யாரோட, போட்டோ அனுப்பு." கரியாஹாட் கடைத்தெருவில் துணிக்கடைக்காரரிடம் சிரித்ததற்கு மணிக்கட்டைத் திருகினான். நான்கு விரலும் பதிந்தன.

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டவளை அம்மா உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டாள். பார்த்தாள். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தனை தமிழ் அவள் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றே அவன் எண்ணைத் தடைசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குடியிருப்பு வாசலுக்கே வந்தான். யாரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நோட்டில் எழுதாமல் காவலர் நிமாய்தா யாரையும் மேலே விடமாட்டார். அர்க்கோ "மிஷ்டி" என்று எழுதினான். அப்படி யாரும் இல்லை, முழுப்பெயர் எழுது என்றார் அவர். "மொங்கொ..." என்று பேனாவோடு நின்றான். எந்த வீடு என்பது மட்டும் தெரிந்திருந்தது.

வீட்டு இன்டர்காம் அடித்தது. அப்பா பத்மநாபன் எழுவதற்குள் அவளே எடுத்தாள். மிஷ்டி என்று யாராவது இருக்கிறார்களா, முழுப்பெயர் எழுதத் தெரியாமல் ஒரு பையன் நிற்கிறான், அனுப்பட்டுமா என்றார் நிமாய்தா. பின்னால் அந்தக் குழைந்த குரல் கேட்டது. ஆம் என்றால் கேட் திறந்துவிடும். அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"மிஷ்டி முக்குக் கடையில கிடைக்கும் நிமாய்தா, போய் வாங்கிக்கச் சொல்லுங்க. இந்த வீட்ல இருக்கறவ பேர் மங்கையர்க்கரசி. அது அவருக்கு எழுத வராது."