ரெண்டு பிரஸ்ஸுக்கும் ஒரே சிவப்பு

மிளகாய் வத்தல் நெடிதான் முதலில் ஞாபகம் வருகிறது. எங்கள் சிவகாசி பிரஸ்ஸில் மை வாசனையையும் மீறி ஆளாளுக்குத் தும்மல்...

விருதுநகர் வத்தல் வியாபாரி அண்ணாச்சி ஒருவர் காலண்டர் ஆர்டர் கொடுக்கும்போது, ஒரு கை வத்தலை மேஜையில் வைத்து, "அம்மன் சேலைக்கு இந்தச் சிவப்புதான் வேணும்" என்பார். அப்போது கலர் சாம்பிள் என்றால் அதுதான். பட்டுத்துணி, குங்குமம், எதையாவது கொண்டுவருவார்கள். கண்ணால் பார்த்தே மை கலப்போம்.

ஒரு சீசனில் அவர் கொடுத்த லோடு பெரிது. பாதி அப்பாவுக்கு, பாதி நாரணாபுரத்தில் பிரஸ் வைத்திருந்த என் தாய்மாமாவுக்கு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றாக நடத்திய பிரஸ்ஸைப் பிரித்தபோது வந்த மனஸ்தாபம். அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது.

நாங்கள் உடனே அடித்துவிட்டோம். மாமா மழை விட்டபிறகு அடித்தார்... அதற்குள் அண்ணாச்சி அவருக்குக் கொடுத்திருந்த சாம்பிள் வத்தல் கறுத்துவிட்டது! எங்கள் அம்மனுக்குப் பளீர் சிவப்பு, மாமாவின் அம்மனுக்கு அரக்கு.

அண்ணாச்சி இரண்டு காலண்டரோடு மாமாவையும் கையோடு இழுத்து வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் உக்காந்து ஒரு சிவப்பச் சொல்லுங்க. இல்லன்னா அடுத்த வருசம் யாருக்கும் ஆர்டர் கெடையாது."

"ஏஞ் சிவப்புதான் சரி" என்றார் அப்பா.

"நான் என்ன வத்தலச் சாயத்துலயா முக்குனேன்?" என்றார் மாமா.

அம்மா டீ கொண்டுவந்தாள். "சாப்பிட்டீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம்வரை வாக்குவாதம். கடைசியில் ஒரே கம்பெனி மை, மெஜந்தா இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று அளவு வைத்து, தாள் ஓரத்தில் ஒரு கலர் பட்டையும் அடித்தார்கள். ஆளுக்கொரு பட்டை, இனி அதுதான் சாம்பிள்.

"இது ஒங்க சிவப்பும் இல்ல, ஏஞ் சிவப்பும் இல்ல" என்றார் மாமா.

"அப்பச் சரி" என்றார் அப்பா.

மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அன்று அம்மா அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த சீசனில் பக்கத்து பிரஸ்காரர்களும் அந்தப் பட்டையைக் கேட்டு வாங்கினார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஆர்டர் கொடுப்பவர்கள் கேட்டார்கள், ஊரே மாறியது. பட்டை வெளுத்திருக்கா, ஒத்திருக்கா என்று பார்க்கும் சாக்கில் மாமாவும் வந்துகொண்டே இருந்தார்.

இப்போது நானும் மாமா மகனும்தான் பிரஸ்களைப் பார்த்துக்கொள்கிறோம். கலருக்கு உலகம் முழுக்க ஒரே நம்பர், மெயிலில் வருகிறது. மெஷினே அளந்து சொல்லிவிடுகிறது. போன வாரமும் ஒரு லோடைப் பிரித்து அடித்தோம். அச்சு அசல் ஒரே சிவப்பு... யாரும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கலர்ல எதும் வித்தியாசம் வந்துச்சா?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூடவா வரல?"