ஒன்பது நீளக்கற்கள்

தான் கட்டியதைத் தவிர வேறு எந்தச் சுவரையும் மேஸ்திரிக்குப் பிடிக்காது. தெருவில் போகும்போதே ஒற்றைக் கண்ணை மூடி, அடுத்தவன் சுவரின் விளிம்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். முப்பத்திரண்டு வருடமாக, தான் எழுப்பிய ஒவ்வொரு வீட்டிலும் கடைசிப் பூச்சு காய்வதற்குள் தன் பெயரை ஆணியால் கீறி வைப்பார். குடிவருகிறவர்கள் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

அந்த ஆற்றாமையில்தான் மலை வேலைக்கு ஒப்புக்கொண்டார். இருநூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு குடியானவன் கைவிட்டுப் போன பண்ணை அது. மூன்று அறை வீடு, தானியக்குழி, மாட்டுக்கொட்டகை என்று எல்லாவற்றையும் தோண்டி எடுத்திருந்தார்கள். சரிந்து நின்ற கொட்டகைச் சுவரைப் பிரித்து, இருந்தபடியே மறுபடி அடுக்க வேண்டும். சிமெண்ட் கூடாது. ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதியிருந்தது.

"நல்லபடியா முடிச்சா வாசல் பலகையில உங்க பேரும் வரும்" என்று அகழாய்வு அதிகாரியம்மா சொல்லியிருந்தார். இரும்புப் பலகை. அதன் மேல் எவனும் சுண்ணாம்பு அடிக்க முடியாது.

முதல் நாளே மேஸ்திரி வசவைத் தொடங்கினார்.

"பாரு மாப்ளே, ஒரு சாண் கல்லு உள்ளாற நீட்டிக்கிட்டு நிக்குது. நாக்கு தள்ளின மாதிரி. இவனெல்லாம் ஒரு மனுசன்!"

"மாடு சொறிஞ்சுக்க வச்சிருப்பான் மச்சான்" என்றான் கல் தூக்கிய மைத்துனன். மனைவியின் தம்பி, வயது ஐம்பது. மேஸ்திரியிடம் திட்டு வாங்குவதில் அவனுக்கும் முப்பத்திரண்டு வருட அனுபவம்.

"சோம்பேறிப் பய. வெட்டத் துப்பில்லாம, கெடைச்ச நீளத்துலயே குறுக்கே போட்டுட்டுப் போயிட்டான்."

சுவருக்கு இரண்டு முகம். வெளியே ஒரு அடுக்கு, உள்ளே ஒரு அடுக்கு, நடுவில் பொடிக்கல். அப்படி நீட்டி நின்ற நீளக்கற்கள் ஒன்பதும் இரண்டு முகத்துக்கும் குறுக்கே கிடந்தன. மேஸ்திரி சம்மட்டியை எடுத்தார். ஒவ்வொன்றையும் நடுவில் உடைத்து, இந்த முகத்துக்குப் பாதி, அந்த முகத்துக்குப் பாதி என்று வைத்து, நூல் பிடித்தார்.

"நம்பர் போட்ட கல்லாச்சே மச்சான். அந்தம்மா பாத்தா..."

"அந்தம்மா சுவர் கட்டியிருக்கா? பிரஷ்ஷை வச்சு மண்ணைத் தடவுறவங்களுக்கு என்னடா தெரியும்? நம்பர் வெளிய தெரியுதில்ல, போதும்."

அதிகாரியம்மா நகரத்துக்குப் போயிருந்தபோது, பன்னிரண்டே நாளில் சுவர் எழுந்தது. உள்ளும் புறமும் ஒரு நாக்குக்கூட நீட்டவில்லை. பலகையில் தன் பெயர் எந்த அளவு எழுத்தில் வர வேண்டும் என்று மனைவியிடம் போனில் சொல்லியும் வைத்தார் மேஸ்திரி.

இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் உள்முகம் முழுதும் கொட்டகைத் தரையில் கொட்டிக் கிடந்தது; வெளிமுகம் வயிறு தள்ளி நின்றது. குடியானவனின் சுவர் சரிந்தாவது இருநூறு வருடம் நின்றிருந்தது.

அன்று திரும்பி வந்த அதிகாரியம்மா சத்தம் போடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எண் இல்லாத ஒரு பாதியை எடுத்து எண் உள்ள பாதியோடு பொருத்தினார். உடைந்த வாய் கச்சிதமாகச் சேர்ந்தது.

"ரெண்டு பக்கத்தையும் புடிச்சுக்கிட்டு இருந்ததே இந்தக் கல்லுங்கதான். எத்தனைய உடைச்சீங்க?"

மேஸ்திரி தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கல்லு மட்டமான கல்லும்மா" என்றார்.

"ஒம்பது மேடம்" என்றான் மைத்துனன்.

அதிகாரியம்மா மரப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு மேஸ்திரியிடம், "உங்க முழுப் பேரைச் சொல்லுங்க" என்றார்.

மேஸ்திரியின் கை கயிற்றிலேயே நின்றது. "பலகைக்கா?"

"பெட்டிக்கு. எந்தக் கல்லு, என்னைக்கு உடைஞ்சுது, யார் உடைச்சதுன்னு எழுதி உள்ள வைக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை."

மேஸ்திரி சொன்னார். அதிகாரியம்மா ஒன்பது முறை எழுதினார். மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"கவலைப்படாதீங்க மச்சான். அழியாத மை."