மேலகரத்து உள்ளறை போன் ஐந்து முறை செத்த கதை

டெலிபோன் மணி அடிக்கிற வரைக்கும் அது வீட்டுக்காரர் வாங்கி வைத்த பெருமை; அடிக்காமல் போய்விட்டால் அது லைன்மேன் செய்த கொலை. ரேடியோவோ, தண்ணீர்க் குழாயோ, மின்விசிறியோ, எதையாவது பழுது பார்க்கப் போய் அடுத்தவர் வீட்டு வாசலில் திருப்புளியும் கையுமாக நின்று திட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசி எக்ஸ்சேஞ்சில் தற்காலிக லைன்மேன். ஒரு வருஷம் பெரிய புகார் இல்லாமல் ஓட்டிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமனாரின் கருப்பட்டிக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் கடையில் மருமகன் எடுபிடியாக நின்றால் ஊர் என்ன பேசும்?

அந்த வருஷம் என் தலையெழுத்து ஒரே ஒரு சாக்கெட்டில் இருந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் ஆறுமுகம் அண்ணாச்சிக்கு மர டிப்போ. வீடும் அதை ஒட்டியே. முன்னறையில் பெரிய போன். லாரிக்காரர்கள் முன்னால் நின்று போன் பேச அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் உள்ளறையில் அவருக்கென்று ஒரு எக்ஸ்டென்ஷன். அதன் கம்பியை இழுத்ததும், சுவரில் சாக்கெட்டை மாட்டியதும் அடியேன்தான்.

பொட்டு வைத்த சாக்கெட்

மாட்டிய இரண்டாவது மாதமே உள்ளறை போன் செத்துவிட்டது என்று அக்காவிடமிருந்து புகார் வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள். போய்ப் பார்த்தால் டிப்போவில் ரம்பத்துக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, கல்லாப் பெட்டிக்குப் பொட்டு. உள்ளறை போனையும் கழற்றிக் கொண்டுபோய் பூஜையில் வைத்திருக்கிறார்கள். அது போனபிறகு சுவரில் தனியாக நின்ற சாக்கெட்டைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு துளையிலும் குழைத்த சந்தனத்தை விரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டுவிட்டார்.

சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. ஊக்கை வைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. "அடுத்த வருஷம் வெளிப்பக்கம் மட்டும் வையுங்க அக்கா" என்று பணிவாகச் சொன்னேன். அக்கா சாக்கெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காம விட்டா, அது நம்மள என்ன நெனைக்கும் தம்பி?"

உள்ளே ஒரு கொடி

அடுத்த சாவு ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் மேலகரத்தில் நாள் முழுக்கச் சாரல்தான். காற்று குளுகுளுவென்று இருக்கும், மனசும் அப்படியே இருக்கும், ஆனால் துவைத்த துணி மட்டும் மூன்று நாளானாலும் காயாது. சீசனுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வேதனை தெரியாது.

முன்னறையிலிருந்து உள்ளறைக்கு நான் இழுத்திருந்த கம்பியில் அண்ணாச்சியின் எட்டு முழ வேட்டி ஈரத்தோடு தொங்கியது. பக்கத்தில் இரண்டு துண்டு, ஒரு பனியன், ஜமுக்காளம் ஒன்று. ஜமுக்காளத்தின் பாரம் தாங்காமல் கம்பி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இதில் துணி போடக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம். "வீட்டுக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கம்பிய இழுத்துக் கட்டிட்டு, துணி போடாதீயன்னா எப்படிவே?"

என் கையில்தான் கோளாறு

ஆணியடித்துக் கம்பியைச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டு வந்தேன். இனி ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தேன். பத்தே நாளில் மறுபடியும் அக்காவின் புகார். சாக்கெட் மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு கம்பி திருகாணியிலிருந்து கழன்று சும்மா நின்றது. நான்தான் சரியாக முடுக்கவில்லை போல என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன்.

நாலாம் நாள் திரும்பவும் அதே கம்பி, அதே திருகாணி. எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் சோறு பிசையும்போதுகூட விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணாச்சி என் கண்ணெதிரிலேயே முன்னறை போனை எடுத்து எங்கள் இன்ஸ்பெக்டரிடம் பேசினார். எனக்குத் தொழிலே தெரியாதாம். நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. நான் ஆபீஸ் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அடுத்த தடவ நானே கூட வாரேன். அந்தக் கம்பி கழண்டு கெடந்துச்சின்னா, நீரு நேரா மாமனார் கடைக்குப் போயிரும்."

ஜமால் அண்ணன் கேட்காதது

எக்ஸ்சேஞ்சில் வெளியூர் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் ஆபரேட்டர் ஜமால் அண்ணன், கடையநல்லூர்க்காரர். அழாத குறையாக அவரிடம் போய் நின்றேன். அவர் டீயை உறிஞ்சியபடி ரகசியமாக ஒன்று சொன்னார்.

சீசன் வந்தால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொந்தக்காரர்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ! கோமதி அக்காவின் அண்ணன் மதுரையிலிருந்து ட்ரங்க் காலில் வந்திருக்கிறார். முன்னறையில் போனை எடுத்த அண்ணாச்சி, "வீட்ல வெள்ளையடிக்கோம் மச்சான், நிக்கக்கூட எடம் இல்ல" என்றிருக்கிறார். அதே நொடியில் உள்ளறை எக்ஸ்டென்ஷனிலிருந்து அக்காவின் குரல்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, எல்லாரும் பொறப்பட்டு வாங்க!" பதினோரு பேர் வந்து இறங்கி, எண்ணெய் தேய்த்து, ஒரு வாரம் அருவியில் குளித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள்தான் கம்பி முதல் தடவை கழன்றது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன பயன்? ஆபரேட்டர் காதில் விழுந்ததை வெளியே சொன்னால் ஜமால் அண்ணனின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என் வேலை போய்விடும். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் கேக்கல. ஆனா திருச்சியிலருந்து அந்த அம்மாவோட தங்கச்சி வீட்டுல பொறப்படுதாங்களாம். நாளைக்குள்ள கம்பி கழண்டுரும், பாத்துக்கோ."

இன்ஸ்பெக்டரின் தும்மல்

கழன்றது. இன்ஸ்பெக்டர் சைக்கிளில் முன்னால் போக, நான் பின்னால் போனேன். முன்னறையில் சாய்வு நாற்காலியில் கிடந்த அண்ணாச்சி எழுந்து வந்து, "இந்தத் தம்பி நல்ல பையந்தான் சார். தொழில்தான் வரல. வேற ஆளப் போடுங்க" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபம் பாதி, பயம் பாதி.

சாக்கெட் மூடியைத் திறந்தேன். கம்பி கழன்றுதான் இருந்தது. ஆனால் மூடியின் உள்பக்கம் கறுப்பாகக் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. நல்ல காரமான மூக்குப்பொடி. அந்த வீட்டில் பொடி போடுகிறவர் ஒருவர்தான். அவருடைய வலது கை விரல் இரண்டும் எந்நேரமும் கறுத்தே இருக்கும். தற்காலிக லைன்மேன் ஒருவன் டிப்போ முதலாளியைக் கைநீட்டிக் குற்றம் சொன்னால் யார் நம்புவார்கள்? மூடியை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் நீட்டி, "எனக்கு ஒண்ணும் புரியல சார். நீங்களே கிட்ட வச்சுப் பாருங்க" என்றேன்.

கிட்டப் பார்வைக்காரர். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு தும்மல். எட்டாவதுக்கு மூடியே கையிலிருந்து பறந்தது. கதவருகே நின்ற அக்கா அதைக் குனிந்து எடுத்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு அண்ணாச்சியின் விரல்களைப் பார்த்தார். அண்ணாச்சி மெதுவாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லைன்மேன் வேலையில் குறை எதுவும் இல்லை என்று நோட்டில் எழுதினார். அடுத்த மாதம் நான் நிரந்தரமானதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். அக்கா மூடியில் ஒட்டியிருந்த பொடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மூடியை என்னிடம் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "மாட்டுங்க தம்பி. மாட்டுன ஒடனே திருச்சிக்கு ஒரு ட்ரங்க் கால் போடணும். தங்கச்சி கூட அவ சம்மந்தி வீட்டாளுகளையும் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்."

அன்று முதல் ஓய்வு பெறும் நாள் வரை, எந்த வீட்டில் எக்ஸ்டென்ஷன் செத்ததென்று கூப்பிட்டாலும், திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் யார் யார் விருந்துக்கு வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் உள்ளே கால் வைத்தேன்.