எவனோ ஊருக்குப் போகும் பாட்டு

நேற்று பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். ஆட்சேபிக்க வழியில்லாத அந்த நேரம் பார்த்து, கூரை ஸ்பீக்கரில் ஒரு கிடார் அழத் தொடங்கியது. அமெரிக்க 'கன்ட்ரி' பாட்டு: மண்பாதை, பழைய காதலி, விட்டுவந்த சின்ன ஊர். இந்த வகைப் பாட்டை வெறுப்பது எனக்குக் குடும்பச் சொத்து.

தொண்ணூறுகளில் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தோம். சென்னை மாம்பலத்தில் பிறந்து வளர்ந்து, எந்தச் சின்ன ஊரிலும் வசித்திராத அப்பா, காரில் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கண்கலங்குவார். வெந்த ரெக்சின் வாடையோடு பின்சீட்டில் நான்.

ஒருநாள் ஃப்ரீவேயில் அம்மா ஆரம்பித்தாள். "எவனோ ஊருக்குப் போறான், நீங்க ஏன் அழறீங்க? அடுத்த மாசம் என் தங்கச்சி கல்யாணம். அதுக்கு டிக்கெட் போட மனசு வரல."

"க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்ப வெளிய போனா எல்லாம் கேன்சல்னு லாயர் சொன்னார்ல?"

"பாட்டுல இருக்கறவன் மட்டும் போறானே."

"அவன் சிட்டிசன்டி."

அம்மா ரேடியோவின் குமிழைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். பாட்டு நிற்கவில்லை.

"ஆஃப் பண்றதும் அதுலதான்," என்றார் அப்பா, மிகுந்த நிதானத்துடன்.

சித்தியின் கல்யாணம் நாங்கள் இல்லாமலே நடந்தது. அன்று அப்பா காரைக் கிளப்பியதும் அதே ஸ்டேஷன், அதே சத்தத்தில் பாடியது. யாராலும் குறைக்க முடியவில்லை. பாட்டுக்காரன் ஆற்றைக் கடந்து, தன் வீட்டுக் கதவைத் தட்டும்வரை அம்மா பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

"போய்ச் சேந்துட்டான், கடங்காரன்," என்றாள்.